ஆர்எஃப் பிளாஸ்மாவுக்கு இம்பீடன்ஸ் பொருத்தம்: மேட்சிங் பெட்டியைக் கணக்கிட்டு, கட்டி, சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரேடியோ அதிர்வெண் மின்திறனைத் தரும் ஆர்எஃப் ஜெனரேட்டரின் முகப்பில் திரும்பும் திறன் பூஜ்யம் என்று காட்டினால், அனுப்பிய 100 வாட்டும் பிளாஸ்மாவுக்குள் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆய்வகங்களில் பரவலாக உண்டு. அந்தப் பூஜ்யம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஜெனரேட்டருக்குத் தன் எதிரே 50 ஓம் சுமை தெரிகிறது. அந்த 50 ஓமுக்குள் பிளாஸ்மாவின் பங்கு எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே நின்று பொருத்தும் மேட்சிங் பெட்டியிலுள்ள சுருளைச் சூடாக்குவதில் போனது எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. பிளாஸ்மாவே இல்லாத ஒரு சேம்பருக்கும் மேட்சிங் பெட்டியைச் சரியாகத் திருகி, திரும்பும் திறனைப் பூஜ்யமாக்க முடியும்; அப்போது முழுத் திறனும் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி, இம்பீடன்ஸ் பொருத்தத்தை (மாறுமின்னோட்டத்துக்குச் சுமை காட்டும் மொத்த எதிர்ப்பை 50 ஓமாக்குவதை) அடைவதோடு நிற்காமல், அடைந்த பொருத்தத்தில் பிளாஸ்மாவுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அளப்பது வரை செல்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது 13.56 மெகாஹெர்ட்ஸில், 100 வாட் அளவில் இயங்கும் இணைத்தட்டு பிளாஸ்மா அமைப்பு. தொழில், அறிவியல், மருத்துவப் பயன்பாடுகளுக்கென உலகளவில் ஒதுக்கப்பட்ட அலைவரிசை இது. இருபுறமும் 7 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே இடம் தரப்பட்டிருக்கிறது. இதன் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்குகளான (முழு மடங்குகளான) 27.12, 40.68 மெகாஹெர்ட்ஸும் அதே வகைப் பயன்பாட்டுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. வெட்டவெளியில் இதன் அலைநீளம் ஏறக்குறைய 22 மீட்டர். ஆர்ஜி-213 போன்ற பாலிஎதிலீன் கேபிளுக்குள் 14.6 மீட்டர். மேசைமேல் வைக்கும் சேம்பர் இதைவிட மிகச் சிறியது என்பதால் மின்தேக்கி, சுருள், மின்தடை என்ற தனித்தனி உறுப்புகளைக் கொண்டே கணக்கிடலாம். ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டர் கம்பியும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

சுமையை அறிதல்

இரண்டு தட்டுகளுக்கு இடையே எரியும் பிளாஸ்மா, மின்சுற்றின் கண்ணோட்டத்தில் ஒரு கசியும் மின்தேக்கி. நடுப்பகுதி நன்றாகக் கடத்துகிறது. மின்முனைகளை ஒட்டிய உறைப் பகுதிகளில் எலெக்ட்ரான்கள் அருகிவிடுவதால் அவை மின்தேக்கிகளைப் போலச் செயல்படுகின்றன. எலெக்ட்ரான்கள் வாயுவோடு மோதுவதிலும், அயனிகள் உறைக்குள் முடுக்கப்படுவதிலும் செலவாகும் ஆற்றல் சுற்றில் ஒரு சிறு மின்தடையாகத் தெரிகிறது. எனவே சுமை எப்போதும் இரண்டு எண்களால் ஆனது: சில ஓம் மின்தடை, அதைப்போலப் பல மடங்கு எதிர்க்குறி ரியாக்டன்ஸ். ரியாக்டன்ஸ் என்பது ஆற்றலைச் செலவழிக்காமல் தேக்கித் திருப்பும் எதிர்ப்பு; மின்தேக்கிக்கு அது எதிர்க்குறி, சுருளுக்கு நேர்க்குறி.

எடுத்துக்காட்டுக்கு, 10 சென்டிமீட்டர் விட்டமும் 2.5 சென்டிமீட்டர் இடைவெளியும் கொண்ட தட்டுகளின் ஊட்டுமுனையில் 5 ஓம் மின்தடையும் மைனஸ் 100 ஓம் ரியாக்டன்ஸும் இருப்பதாகக் கொள்வோம். கட்டுரையின் எல்லாக் கணக்குகளும் இந்த ஒரே சுமையைச் சார்ந்தவை. வாசகர் தம் சேம்பரின் எண்களை இவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சுமையை 50 ஓம் கேபிளின் முனையில் நேரடியாக இணைத்தால், அனுப்பும் 100 வாட்டில் 92 வாட் திரும்பிவிடும்.

ஊட்டுமுனையில் தெரியும் 5 ஓம் பிளாஸ்மாவின் சொந்த மின்தடை அன்று. ஊட்டுக்கம்பிக்கும் எர்த் செய்த வெளிக்கூட்டுக்கும் இடையே, மின்முனையின் பின்புறத்துக்கும் அதைச் சுற்றிய கவசத்துக்கும் இடையே, சேம்பர் சுவரைக் கடந்து மின்சாரத்தை உள்ளே கொண்டுசெல்லும் வெற்றிட ஃபீட்த்ரூவின் செராமிக்கில் என்று எங்கும் தேவையற்ற மின்தேக்கம் ஒளிந்திருக்கிறது. அது மொத்தம் 60 பிகோஃபாரட் என்று வைத்து, பிளாஸ்மாவுக்கு இணையாக நிற்கும் அதனைக் கணக்கிலிருந்து நீக்கினால், உண்மையான பிளாஸ்மா 21 ஓம் மின்தடையும் மைனஸ் 203 ஓம் ரியாக்டன்ஸும் கொண்டது என்று தெரிகிறது. அதாவது ஊட்டுமுனைக்கு வரும் மின்னோட்டத்தில் பாதிக்கும் மேல் பிளாஸ்மாவைத் தொடாமலே எர்த்துக்குப் போகிறது; அதனால் 21 ஓம் மின்தடை ஊட்டுமுனையில் 5 ஓமாகச் சுருங்கித் தெரிகிறது. கவசத்தை இன்னும் நெருக்கமாக வைத்து இந்த மின்தேக்கத்தை 120 பிகோஃபாரட் ஆக்கினால், அதே பிளாஸ்மா வெறும் 2.2 ஓமாகத் தெரியும். இதன் விலையைப் பின்னால் பார்ப்போம்.

சுமையின் எண்கள் முன்கூட்டியே தெரியாவிட்டால், எளிய வழி ஒன்று உண்டு. கையில் இருக்கும் ஏதேனும் ஒரு மேட்சிங் பெட்டியால் பிளாஸ்மாவை எரித்துப் பொருத்தத்தை அடைந்த பின், மின்தேக்கிகளின் நிலையை அசைக்காமல் திறனை நிறுத்த வேண்டும். பெட்டியைக் கழற்றி, அதன் உள்ளீட்டில் ஜெனரேட்டருக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை மாட்டி, வெளியீட்டு முனையிலிருந்து உள்நோக்கி விஎன்ஏ (இம்பீடன்ஸை அதிர்வெண்வாரியாக அளக்கும்) கருவியால் அளக்க வேண்டும். நானோவிஎன்ஏ போன்ற சிறு கருவியே இதற்குப் போதும். கிடைக்கும் ரியாக்டன்ஸின் குறியை மாற்றினால் சுமையின் ரியாக்டன்ஸ் வந்துவிடும். மின்தடையில் மட்டும் கவனம் தேவை: அளவீட்டில் தெரிவது சுமையின் மின்தடையும் பெட்டியின் தொடர் இழப்பு மின்தடையைப் போல இரு மடங்கும் சேர்ந்த தொகை. நம் எடுத்துக்காட்டில் கருவி 7.1 ஓம் காட்டும். சுருளின் இழப்பு 1.07 ஓம் என்பதால், 2.1 ஓமைக் கழித்தால்தான் 5 ஓம் கிடைக்கும். அப்படியே கருவி காட்டியதை எடுத்துக்கொள்பவர்கள் பிளாஸ்மாவின் மின்தடையை மிகைப்படுத்திவிடுகிறார்கள்.

எல் வடிவச் சுற்றைக் கணக்கிடுதல்

பெரும்பாலான மேட்சிங் பெட்டிகளில் இருப்பது தலைகீழ் எல் வடிவம். ஜெனரேட்டர் பக்கத்தில் எர்த்துக்கு இணையாக ஒரு மாறும் மின்தேக்கி. அதற்கு ‘லோட்’ என்று பெயர். அங்கிருந்து மின்முனைக்குத் தொடராக ஒரு சுருளும் இன்னொரு மாறும் மின்தேக்கியும். அந்த மின்தேக்கிக்கு ‘டியூன்’ என்று பெயர்.

கணக்கு மூன்று அடிகளில் முடிகிறது. முதலில் 50ஐச் சுமையின் மின்தடையால் வகுத்து, 1ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 50ஐ 5 ஆல் வகுத்தால் 10, ஒன்றைக் கழித்தால் 9, வர்க்கமூலம் 3. இதுவே சுற்றின் க்யூ மதிப்பு, அதாவது ரியாக்டன்ஸுக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம். அடுத்து, லோட் மின்தேக்கியின் ரியாக்டன்ஸ் 50ஐ 3 ஆல் வகுத்த 16.7 ஓம், 13.56 மெகாஹெர்ட்ஸில் அது 704 பிகோஃபாரட். மூன்றாவதாக, தொடர் கிளையின் நிகர ரியாக்டன்ஸ் மின்தடையை க்யூவால் பெருக்கிய 15 ஓமாக, நேர்க்குறியோடு இருக்க வேண்டும். சுமையே மைனஸ் 100 ஓம் வைத்திருப்பதால், சுருளும் டியூன் மின்தேக்கியும் சேர்ந்து 115 ஓம் நேர்க்குறி ரியாக்டன்ஸ் தர வேண்டும்.

115 ஓமுக்கு 1.35 மைக்ரோஹென்றி சுருளே போதும். டியூன் மின்தேக்கியே தேவைப்படாது. ஆனால் பிளாஸ்மா பற்றுவதற்கு முன் நிலைமை வேறு. உறைகள் இல்லாத அந்த நேரத்தில் தட்டுகளுக்கு இடையிலான வெற்று இடைவெளி 3 பிகோஃபாரட்கூட இராது. சுற்றுப்புற 60ஐச் சேர்த்து 63 பிகோஃபாரட், அதாவது மைனஸ் 186 ஓம். இதை வெல்ல 186 ஓமைவிடப் பெரிய சுருள் வேண்டும். ஆகவே 2.5 மைக்ரோஹென்றியைத் தேர்வு செய்கிறோம். அதன் ரியாக்டன்ஸ் 213 ஓம். எரியும் பிளாஸ்மாவுக்கு அதில் 98 ஓமை டியூன் மின்தேக்கி குறைக்க வேண்டும் என்பதால் அதன் மதிப்பு 120 பிகோஃபாரட். வணிகப் பெட்டிகளில் சுருள் ஏன் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது என்பதற்கும், அதனால் ஏன் கூடுதல் வெப்பம் வருகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

நல்ல செம்புச் சுருளை ஒரு பெட்டிக்குள் வைத்தால் அதன் க்யூ 200 என்று எதிர்பார்க்கலாம். அப்படியானால் இழப்பு மின்தடை 213ஐ 200 ஆல் வகுத்த 1.07 ஓம். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த மின்தடை 6.07 ஓம் ஆகி, லோட் மின்தேக்கி 704இலிருந்து 631 பிகோஃபாரட்டுக்கு இறங்குகிறது. டியூன் 121இல் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. பொருத்தம் கிடைத்த நிலையில் லோட் மின்தேக்கி கணக்கிட்டதைவிடக் குறைவாக இருந்தால், எங்கோ எதிர்பாராத இழப்பு இருக்கிறது என்று பொருள்.

எந்தக் கைப்பிடி எவ்வளவு கூர்மையானது என்பதையும் கணக்கே சொல்லிவிடும். லோட் மின்தேக்கியை 5 சதவீதம் தவறாக வைத்தால் திரும்பும் திறன் 0.6 சதவீதம்தான். டியூனை அதே 5 சதவீதம், அதாவது வெறும் 6 பிகோஃபாரட் நகர்த்தினால் 18 சதவீதம் திரும்பிவிடும். கையால் திருகும்போது டியூனை மயிரிழை மயிரிழையாகவும் லோடைத் தாராளமாகவும் நகர்த்த வேண்டியதன் காரணம் இதுதான்.

உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

100 வாட், 5 ஓமில் 6.3 ஆம்பியர் உச்ச மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இந்த மின்னோட்டம் தொடர் கிளை முழுவதும் பாய்வதால், சுருளின் இரு முனைகளுக்கு இடையே ஏறக்குறைய 1,350 வோல்ட், டியூன் மின்தேக்கியில் 620 வோல்ட், ஊட்டுமுனையில் 630 வோல்ட் உச்ச மின்னழுத்தம் எழுகிறது. லோட் மின்தேக்கியில் 100 வோல்ட் மட்டுமே. ஆனால் அதன் வழியே 6 ஆம்பியர் உச்சம் ஓடுகிறது. எனவே டியூனுக்கு மின்னழுத்தத் தாங்குதிறனும் லோடுக்கு மின்னோட்டத் தாங்குதிறனும் முதன்மையானவை. 100 வாட் வரை அகன்ற இடைவெளி கொண்ட காற்று மின்தேக்கிகள் போதும். பல நூறு வாட்டைக் கடந்தால் வெற்றிட மின்தேக்கிகளுக்கு மாறிவிடுவது நல்லது. பிளாஸ்மா இல்லாத நிலையையும் பொருத்தி அளக்க விரும்பினால், டியூன் 600 பிகோஃபாரட்டையும் லோட் 1,600 பிகோஃபாரட்டையும் எட்ட வேண்டியிருக்கும். டியூனுக்கு 1,000 பிகோஃபாரட் வரை செல்லும் மாறும் மின்தேக்கி ஒன்றும், லோடுக்கு அதேபோன்ற ஒன்றோடு தேவையானபோது இணையாகச் சேர்க்க 1,000 பிகோஃபாரட் ஆர்எஃப் மைக்கா மின்தேக்கியும் வைத்துக்கொள்வது வசதி.

சுருளுக்கு 4 மில்லிமீட்டர் செம்புக் குழாயை 50 மில்லிமீட்டர் சராசரி விட்டத்தில், 90 மில்லிமீட்டர் நீளத்தில் 11 சுற்று சுற்றினால் 2.6 மைக்ரோஹென்றி வரும். சற்றே இழுத்து நீட்டினால் 2.5க்கு இறங்கும். பெட்டியின் சுவர் சுருளிலிருந்து குறைந்தது ஒரு விட்ட தூரமாவது தள்ளியிருக்க வேண்டும். நெருங்கினால் சுருளின் மதிப்பும் க்யூவும் சேர்ந்தே விழும். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 18 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் மட்டுமே ஓடுகிறது என்பதால் திடக்கம்பியால் பயன் எதுவும் கூடுவதில்லை. மேற்பரப்பின் அகலமும் தூய்மையும்தான் முக்கியம். துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பு மின்தடை செம்பைப்போல ஏறக்குறைய 6.5 மடங்கு. ஊட்டுப் பாதையில் ஒரு எஃகு போல்ட் மட்டும் மின்னோட்டத்தைச் சுமக்கும்படி விட்டுவிடுவது இங்கே மிகவும் மலிவாக வாங்கும் இழப்பு.

பொருத்தி இணைத்தல்

ஜெனரேட்டருக்கும் மேட்சிங் பெட்டிக்கும் இடையில் 50 ஓம் கேபிள் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். மேட்சிங் பெட்டிக்கும் மின்முனைக்கும் இடையிலோ ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கம்பி சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 நானோஹென்றி வைத்திருக்கிறது. 20 சென்டிமீட்டர் கம்பியென்றால் 17 ஓம் ரியாக்டன்ஸ். நம் தொடர் கிளையின் நிகரத் தேவையே 15 ஓம்தான் என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும். எனவே பெட்டியைச் சேம்பரின் மேலேயே ஏற்றி, அகலமான, வெள்ளி முலாம் பூசிய செம்புப் பட்டையால் இணைப்பதே முறை. இடவசதி இல்லை என்பதற்காக இந்த இடத்தில் ஒரு மீட்டர் கோஆக்ஸியல் கேபிளைப் போடுவதை எக்காரணம் கொண்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: ஆர்ஜி-213 மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வைத்திருக்கிறது, அது முழுவதும் பிளாஸ்மாவுக்கு இணையாகச் சேர்ந்துவிடும்.

போகும் பாதையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்கூடத் திரும்பும் பாதையை மறந்துவிடுகிறார்கள். மின்முனைக்குள் போகும் 6 ஆம்பியரும் சேம்பர் சுவர் வழியாக மேட்சிங் பெட்டியின் வெளிக்கூட்டுக்குத் திரும்பியாக வேண்டும். பெட்டி சேம்பரோடு ஒரே ஒரு திருகாணியில் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த மின்னோட்டம் வேறு வழி தேடி, வெற்றிட அளவியின் கேபிள் வழியாகவும் தெர்மோகப்பிள் வழியாகவும் ஓடும். பிளாஸ்மா எரியும்போது மட்டும் அழுத்த அளவி தாறுமாறாகக் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். வண்ணப்பூச்சைச் சுரண்டி, பெட்டியின் விளிம்பு முழுவதும் சேம்பரின் ஃப்ளேஞ்சோடு ஒட்டியிருக்கும்படி செய்ய வேண்டும்.

பெட்டியின் மூடிக்கு, திறந்ததும் திறனை நிறுத்தும் இன்டர்லாக் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஆர்எஃப் தீக்காயம் தோலுக்கு அடியில் ஆழமாகச் சுடுவது. தொட்டவருக்கு முதலில் உறைப்பதுகூட இல்லை. திறனை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் டிசி மின்னழுத்தம் தங்கியிருக்கலாம் என்பதால், கைவைக்கும் முன் மின்முனையை எர்த் கோலால் தொட்டு இறக்கிவிட வேண்டும்.

திறனின்றிச் சரிபார்த்தல், பிறகு பற்றவைத்தல்

திறன் கொடுப்பதற்கு முன், மின்முனையின் இடத்தில் 5 ஓம் மின்தடையையும் 117 பிகோஃபாரட் மின்தேக்கியையும் தொடராக மாட்டி ஒரு போலிச் சுமை செய்துகொள்ளலாம். 13.56 மெகாஹெர்ட்ஸில் இது மைனஸ் 100 ஓம் தருகிறது. மின்தடை கம்பி சுற்றிய வகையாக இருக்கக் கூடாது. அதன் தூண்டல் கணக்கைக் கெடுத்துவிடும். விஎன்ஏவை உள்ளீட்டில் இணைத்து, டியூனையும் லோடையும் திருகி 50 ஓம் புள்ளியை அடைந்து, அப்போதைய நிலைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கிட்ட மதிப்புகளுக்கு அருகில் அவை அமையாவிட்டால், திறன் கொடுத்துத் தேடுவதைவிட இந்த இடத்திலேயே பிழையைத் தேடுவது எளிது.

பற்றவைப்பதில் உள்ள சிக்கல், எரியும் பிளாஸ்மாவுக்கான நிலையும் எரியாத சேம்பருக்கான நிலையும் வெகுதூரத்தில் இருப்பது. மின்தேக்கிகளை எரியும் நிலைக்கு அருகில் வைத்து, ஆர்கான் அழுத்தத்தை இயக்க அழுத்தத்தைவிடப் பல மடங்கு உயர்த்தி, 30 அல்லது 40 வாட் கொடுத்து, டியூனை எரியாத நிலையை நோக்கி மெல்லத் திருப்பினால், ஒத்ததிர்வை நெருங்கும்போது மின்முனை மின்னழுத்தம் ஏறி வாயு பற்றிக்கொள்ளும். பற்றியவுடன் டியூனைத் திரும்பக் கொண்டுவந்து, பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முழு 100 வாட்டோடு எரியாத ஒத்ததிர்வில் நிறுத்துவது ஆபத்து: 1.07 ஓம் மட்டுமே உள்ள சுற்றில் உச்ச மின்னோட்டம் 13 ஆம்பியரைத் தாண்டி, சுருளில் ஏறக்குறைய 2,900 வோல்ட் எழும்பி, பெட்டிக்குள்ளேயே தீப்பொறி பாயும்.

பிளாஸ்மாவுக்குச் சேரும் திறனை அளத்தல்

பொருத்தம் கிடைத்துவிட்டது, திரும்பும் திறன் பூஜ்யம். நம் எடுத்துக்காட்டில் 100 வாட்டில் பிளாஸ்மாவுக்குச் சேர்வது 5ஐ 6.07 ஆல் வகுத்த பங்கு, அதாவது 82 வாட். சுற்றுப்புற மின்தேக்கத்தை 60இலிருந்து 120 பிகோஃபாரட் ஆக்கிய சேம்பரில், அதே பிளாஸ்மா 2.2 ஓமாகத் தெரிவதால், அதே சுருளோடு 67 வாட்டுக்கு இறங்கிவிடும். இரண்டிலும் முகப்பில் ஒரே எண்கள்தான் தெரியும். ஒரு சேம்பரில் கிடைத்த மென்படலப் படிவு வேகத்தை இன்னொன்றில் அதே வாட்டில் எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

மின்முனையருகே மின்னழுத்தம், மின்னோட்டம், கட்டக்கோணம் (இரண்டின் அலைகளுக்கும் இடையிலான விலகல்) மூன்றையும் ஒரு விஐ ப்ரோபால் அளந்து பெருக்கலாமே என்று தோன்றும். நம் சுமையின் கட்டக்கோணம் 87.1 பாகை. அந்த இடத்தில் கோணத்தை 1 பாகை தவறாக அளந்தால், கணக்கிடும் திறனில் 35 சதவீதம் பிழை வரும். கருவியின் கேபிள்களில் 20 சென்டிமீட்டர் நீள வித்தியாசமே 5 பாகை கட்டவேறுபாட்டைத் தந்துவிடும். நன்றாக அளவுத்திருத்தம் செய்த ப்ரோப் இல்லாதவர்கள் கோணத்தை நம்பாமல் இருப்பதே மேல்.

அதைவிட நம்பகமானது கழித்தல் முறை. சேம்பரைப் பிளாஸ்மா பற்றாத அளவுக்கு வெற்றிடமாக்கி, மேட்சிங் பெட்டியை அந்த நிலைக்குப் பொருத்தி, குறைந்த திறன் கொடுத்து, ஊட்டுமுனை மின்னோட்டத்தையும் செலுத்திய திறனையும் குறித்துக்கொள்ள வேண்டும். திறனை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இழப்பு மின்தடை கிடைக்கும். பின்பு பிளாஸ்மாவை எரித்து, அப்போதைய மின்னோட்டத்தின் வர்க்கத்தை அந்த மின்தடையால் பெருக்கி, மொத்தத் திறனிலிருந்து கழிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பிளாஸ்மா எரியும்போது மின்னோட்டம் ஆர்எம்எஸ் அளவில் 4.06 ஆம்பியர், அதே மின்னோட்டத்தை வெற்றிடத்தில் ஓட்ட 18 வாட் தேவைப்படும், மீதி 82 வாட் பிளாஸ்மாவுக்குரியது. கோணமே தேவைப்படாதது இந்த முறையின் பலம். அளவீட்டின்போது சுருளும் இணைப்புகளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதையும், சுருளின் டேப்பை (இணைப்பு எடுக்கும் இடத்தை) இடையில் மாற்றாததையும் உறுதிசெய்துகொண்டால் போதும். பிளாஸ்மா ஆய்வாளர்களான வலெரி கோட்யக்கும் ராபர்ட் பீஜக்கும் 1990இல் இத்தகைய அளவீட்டைச் செம்மைப்படுத்தினர். ஏன் இன்னும் எல்லா ஆய்வகங்களிலும் இது வழக்கமாகவில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

தன்மின்னழுத்தமும் ஹார்மோனிக்குகளும்

தொடர் கிளையில் உள்ள டியூன் மின்தேக்கி நேர்மின்னோட்டத்தை (டிசி) தடுக்கிறது. மின்முனை எர்த் சுவரைவிடச் சிறியதாக இருக்கும்போது, ஒரு சுழற்சியில் வந்துசேரும் எலெக்ட்ரான், அயனி மின்னோட்டங்கள் சமன்படுவதற்காக அந்த மின்முனை எதிர்க்குறி டிசி மின்னழுத்தம் ஒன்றைத் தானே ஏற்றுக்கொள்கிறது; அதுதான் தன்மின்னழுத்தம். பிளாஸ்மாவால் பரப்பைச் செதுக்கும் பொறித்தலில் அயனிகள் எந்த ஆற்றலோடு மாதிரியின்மேல் மோதும் என்பதைத் தீர்மானிப்பது இதுவே. உறை மின்னழுத்தங்களின் விகிதம் மின்முனைப் பரப்பு விகிதத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக அமையும் என்று கோனிக்கும் மைசலும் 1970இல் காட்டினர். பரிசோதனையில் அடுக்கு அவ்வளவு உயர்வது அரிது. தடுப்பு மின்தேக்கியே இல்லாத அமைப்பில், மின்முனைக்கு எர்த்தோடு நேர்மின்னோட்டப் பாதை இருந்தால், இந்த மின்னழுத்தம் உருவாகவே உருவாகாது. அதை அளக்க மின்முனையிலிருந்து ஒரு ஆர்எஃப் சோக்கும் (ஆர்எஃபைத் தடுத்து டிசியை விடும் சுருள்), அதன்பின் எர்த்துக்கு ஒரு மின்தேக்கியும், உயர் மின்தடைப் பிரிப்பானும் வைத்து, சாதாரண மல்டிமீட்டரால் படிக்கலாம். சோக்கின் சுய ஒத்ததிர்வு எங்கே இருக்கிறது என்பதை விஎன்ஏவில் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

உறைகளின் அகலம் மின்னழுத்தத்தோடு மாறிக்கொண்டே இருப்பதால் பிளாஸ்மா நேரிலாச் சுமை, 13.56ஐக் கொடுத்தால் 27.12, 40.68 என்று தானே உற்பத்தி செய்யும். அந்த ஹார்மோனிக்குகளுக்கு வெளிச்சுற்று என்ன இம்பீடன்ஸ் காட்டுகிறது என்பது பிளாஸ்மாவின் மின்னோட்ட வடிவத்தையே மாற்றிவிடும். ஆய்வகங்களுக்கிடையே ஒப்பிடத்தக்க முடிவுகளைப் பெறுவதற்காக, 1988ஆம் ஆண்டின் வாயு மின்னியல் மாநாட்டை (சுருக்கமாக ஜிஇசி) ஒட்டி அமெரிக்காவில் ஜிஇசி ரெஃபரன்ஸ் செல் என்ற பொது வடிவம் உருவாக்கப்பட்டது: 4 அங்குல மின்முனைகள், 1 அங்குல இடைவெளி. ஒரே வரைபடத்தைக் கொண்டு பல ஆய்வகங்கள் கட்டிய செல்களை ஒப்பிட்ட முடிவுகள் 1994இல் வெளியாயின. சுற்றுப்புற இம்பீடன்ஸையும் வெளிச்சுற்றையும் கணக்கில் கொள்ளாமல் மின் அளவீடுகளை ஒப்பிட முடியாது என்பது அந்த முயற்சியின் முக்கியமான பாடங்களில் ஒன்று. ஆகவே ஒரு முடிவைப் பதிவு செய்யும்போது வாட்டை மட்டும் எழுதாமல், மின்முனை மின்னழுத்தம், தன்மின்னழுத்தம், டியூன், லோட் நிலைகள், கேபிளின் நீளம் ஆகியவற்றையும் எழுதிவைப்பது நல்லது.

சுருள் வழி ஊட்டும் பிளாஸ்மா என்றால்

தட்டுகளுக்குப் பதிலாக ஆன்டெனாச் சுருள் வழியாக ஊட்டும் அமைப்பில் சுமையின் ரியாக்டன்ஸ் நேர்க்குறியாக இருப்பதால், தொடர் சுருள் தேவைப்படாது. 1 மைக்ரோஹென்றி ஆன்டெனா 85 ஓம் தருகிறது. மின்தடை அதே 5 ஓம் என்றால், 168 பிகோஃபாரட் தொடர் மின்தேக்கியால் அதை 15 ஓமுக்குக் குறைத்து, அதே 704 பிகோஃபாரட் லோடோடு பொருத்திவிடலாம். இங்கே தனிச் சிக்கல், குறைந்த திறனில் மின்புல முறையில் மங்கலாக எரியும் பிளாஸ்மா ஓர் எல்லையில் காந்தப்புல முறைக்குத் திடீரென்று தாவுவது. அப்போது மின்தடை சட்டென்று உயர்ந்து பொருத்தம் கலையும். தாவிய பிறகான நிலையைக் குறித்துவைத்து, மின்தேக்கிகளை முன்கூட்டியே அங்கே நிறுத்திப் பற்றவைப்பதே இதற்கு வழி.

தானியங்கிப் பெட்டியும் அதன் அலைச்சலும்

தானியங்கி மேட்சிங் பெட்டியின் உள்ளீட்டில் ஓர் உணரி இருக்கிறது. மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் 50இலிருந்து விலகினால் அது லோட் மோட்டாரை ஓட்டுகிறது. இரண்டுக்கும் இடையே கட்டவேறுபாடு இருந்தால் டியூன் மோட்டாரை ஓட்டுகிறது. பொருத்தத்துக்கு அருகில் இது நன்றாக வேலை செய்யும். வெகுதூரத்தில் தொடங்கினால் இரு மோட்டார்களும் ஒன்றையொன்று குழப்பி, ஏதேனும் ஒரு மின்தேக்கியை முனைவரை ஓட்டி நிறுத்திவிடும். ஆகவே கையால் பொருத்தி, அந்த நிலைகளை முன்னமைப்பாகச் சேமித்து, அங்கிருந்து மட்டுமே தானியங்கியைத் தொடங்க வேண்டும்.

அப்படியும் இரு மின்தேக்கிகளும் நிற்காமல் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தால், காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். மோட்டார் வேகத்தைக் குறைத்ததும் அலைச்சல் நின்றால் அது கட்டுப்பாட்டின் கோளாறு. வேகத்தைக் குறைத்தும் நிற்காவிட்டால், அல்லது கைமுறைக்கு மாற்றி மோட்டார்களை நிறுத்திய பிறகும் திரும்பும் திறன் துடித்தால், நிலையின்மை பிளாஸ்மாவுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையில் இருக்கிறது. சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு போன்று எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும் வாயுக்களில் இது அடிக்கடி நேர்கிறது: பிளாஸ்மாவின் இம்பீடன்ஸ் திறனோடு மாறுகிறது, அந்த மாற்றம் கேபிள் வழியே ஜெனரேட்டரை எட்டும்போது அதன் வெளியீட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. அது எந்தத் திசையில் மாறும் என்பதைக் கேபிளின் நீளம் தீர்மானிக்கிறது. நிலையான பொருத்தத்தில் எந்த வேறுபாடும் தராத அந்த நீளம் இங்கே மட்டும் முக்கியமாகிறது. ஆர்ஜி-213இல் கால் அலைநீளம் 3.65 மீட்டர், ஒவ்வொரு முறையும் அரை மீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே அந்த நீளம் வரை சென்று பார்த்தால், துடிப்பு அடங்கும் ஓர் இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்ததும் அந்தக் கேபிளில் ஒரு சீட்டு ஒட்டி, வேறொன்றை மாற்றி மாட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.